கீழே இறங்கும் இடத்தில் ஒரு கிர்ர்

வீட்டுக்குள் ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் இந்தத் தீவில் இத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. மூன்று வாரமாக என் கைப்பேசி சும்மா இருக்கவில்லை. எந்த மைக் வாங்கலாம் என்கிறார் ஒருவர். இந்த ஹெட்போன் போதுமா என்கிறார் இன்னொருவர். எனக்கு மைக் பெயர் ஒன்றும் தெரியாது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு என் படிப்பு முடிந்தது. எனக்குத் தெரிந்தது கேட்பது ஒன்றுதான். இத்தனை பேருக்குத் தனித்தனியாகச் சொல்ல முடியவில்லை. எழுதிக் கொடுங்கள், எங்கள் கைப்பேசிக் குழுவில் போட்டுவிடுகிறேன் என்று எங்கள் புளோக்கில் இருக்கும் குமரன் சொன்னான். அதனால் எழுதுகிறேன்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு ஸ்பீக்கர் தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருஷம் வேலை செய்தேன். அப்போது வீடு கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமில். விடியுமுன் தொழிற்சாலை பஸ் வரும். பாலம் கடந்து போவோம். முதல் ஆறு மாதம் பசை தடவும் இடத்தில் போட்டார்கள். பிறகு ஒருநாள் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, திரைக்குப் பின்னால் இரண்டு சத்தம் போட்டு, எது கெட்டது என்று கேட்டார்கள். பதினாறு பேரில் இரண்டு பேரை எடுத்தார்கள். அதில் நான் ஒருத்தி. அதிலிருந்து என் வேலை காது வேலை.

அந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். பஞ்சு ஒட்டிய சின்ன அறை. கதவை மூடினால் நம் மூச்சு நமக்குக் கேட்கும். மேசையில் ஒரு பெட்டி. ஸ்பீக்கரை அதில் மாட்டிப் பொத்தானை அழுத்தினால் அடித்தொண்டையில் ஊம் என்று தொடங்கி, மேலே மேலே ஏறி, ஈ என்று முடியும். ஒரு ஸ்பீக்கருக்குச் சில விநாடி. நல்ல ஸ்பீக்கர் வழுக்கிக்கொண்டு ஏறும். கெட்டதில் ஓரிடத்தில் கிர்ர் என்று உரசும். உள்ளே கம்பிச் சுருள் காந்தத்தில் தட்டலாம். பசை விட்டிருக்கலாம். இரும்புத் தூசி ஒன்று விழுந்திருக்கலாம். எது என்று சத்தத்தை வைத்துச் சொல்ல வேண்டும். நல்லதற்குக் காந்தத்தின் முதுகில் பச்சைப் பொட்டு ஒட்டுவேன். கெட்டதற்குச் சிவப்பு. ஒரு மணி நேரம் கேட்டால் கால் மணி நேரம் காதுக்கு ஓய்வு. அந்தக் கால் மணியில் பேசக் கூடாது.

இருபத்தொன்பது வருஷத்தில் எத்தனை ஸ்பீக்கர் என் கையால் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்று சொல்ல முடியும். அதில் ஒன்றில்கூட நான் பாட்டுக் கேட்டதில்லை. ஊம், ஈ. அவ்வளவுதான். பாட்டு, பெட்டி கட்டிக் கப்பல் ஏறின பிறகு யாரோ ஒருவர் வீட்டில் கேட்டது.

எங்கள் மேலாளர் மிஸ் ஊய். சீனர். குள்ளமாக இருப்பார். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருப்பார். திட்டமாட்டார். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவர் செய்வது வேறு. காலையில் நான் சிவப்பு ஒட்டினதைத் தனியாக எடுப்பார். பொட்டைச் சுரண்டிவிடுவார். சாப்பாட்டுக்குப் பிறகு நல்லவற்றோடு கலந்து என் தட்டிலேயே வைத்துவிடுவார். சொல்ல மாட்டார். காலையில் சிவப்பு என்றது மத்தியானமும் சிவப்பு என்றால் பேசாமல் போய்விடுவார். மாறிவிட்டால் கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு அடி வாங்கியிருக்கலாம்.

ஒருநாள் அப்படித்தான். காலையில் ஒரு தட்டு முழுக்கச் சிவப்பு ஒட்டினேன். மத்தியானம் அதே தட்டில் பாதிக்கு மேல் பச்சை ஒட்டியிருக்கிறேன். மிஸ் ஊய் வந்தார். கண்ணாடி இறங்கியது. பசை காய்ந்ததா என்று பார்த்தாயா என்றார். பார்த்தேன் என்று என் நோட்டைக் காட்டினேன். பசை சரி என்று எழுதியிருந்தது. அவர் என் கையைப் பிடித்துப் பசை இடத்துக்குக் கூட்டிப்போனார். புதிதாக வந்த தட்டில் ஒரு ஸ்பீக்கரை எடுத்து, என் விரலைப் பிடித்து அதன் விளிம்பில் வைத்தார். ஒட்டியது. ஈரம். காலையில் ஈரப் பசை கிர்ர் என்றிருக்கிறது. மத்தியானத்துக்குள் காய்ந்து அடங்கியிருக்கிறது. நான் பசையைத் தொடவில்லை. பசை தடவின பெண்ணைக் கேட்டேன். காய்ந்துவிட்டது என்றாள். எழுதிவிட்டேன்.

"தெங்ஙோக் செண்டிரி. ஜாங்ஙான் தாஞா ஓராங்" என்றார் மிஸ் ஊய். நீயே பார், ஆளைக் கேட்காதே. அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவர் பழக்கிய இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. கிர்ர் வந்தால் ஸ்பீக்கரை மாற்று. இல்லை, வயரை மாற்று. இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது திருடன் என்று எப்படித் தெரியும். மூன்றாவது, விரல். எது அதிர்கிறது என்று தெரியாவிட்டால் அதே சத்தத்தை நிறுத்தாமல் ஓட விட்டு ஒவ்வொன்றாக விரலால் தொடு. எதைத் தொட்டதும் சத்தம் சாகிறதோ அதுதான்.

பிற்பாடு மெஷின் வந்தது. மெஷின் நன்றாகவே கேட்டது. என்னை மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அது தவறினால் நான் சொல்ல வேண்டும். எப்போதாவது தவறும். அறுபது வயதில் கேக் வெட்டி அனுப்பினார்கள். இப்போது எங்கள் ஃபிளாட் பாயான் லெப்பாஸிலேயே இருக்கிறது. விமானம் தலைக்கு மேல் இறங்கும்.

இனி குமரன், மாலதி.

கணவன் மனைவி. எங்கள் புளோக்கில் மூன்றாம் மாடி. குமரன் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிறவன். மாலதி பாலர் பள்ளி ஆசிரியை. கோயிலிலும் கல்யாணத்திலும் பாடுவாள். சின்ன வயதிலிருந்து பாடுகிறாள். ஆனால் அவள் பெயர் போட்டு ஒரு பாட்டும் வெளிவந்ததில்லை. இந்த வருஷம் கோலாலம்பூரில் ஓர் இசையமைப்பாளர் தைப்பூசத்துக்கு முருகன் பாட்டு ஒன்று போட்டிருக்கிறார். மாலதி குரலைக் கைப்பேசியில் கேட்டுவிட்டு, உங்கள் வீட்டிலேயே பாடி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார். இப்போதெல்லாம் அப்படித்தானாம். இசை அங்கிருந்து வருகிறது. இவர்கள் அதன்மேல் பாடித் திருப்பி அனுப்புகிறார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை குமரன் என் கதவைத் தட்டினான். முகம் வாடியிருந்தது.

"அக்கா, நீங்க காது வேலை பார்த்தவங்கதானே. ஒரு தடவ வந்து கேளுங்க. எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும் போல."

போனேன். ஹாலில் கணினி. அதன் இரண்டு பக்கமும் இரண்டு ஸ்பீக்கர். முதலில் அவற்றின் பின்னால் போய்ப் பார்த்தேன். பழக்கம். குமரன் ஒரு பட்டனைத் தட்டினான்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உள்ளதைச் சொல்கிறேன். மாலதி எனக்கு எதிரே நாற்காலியில் வாய் மூடி உட்கார்ந்திருக்கிறாள். அவள் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், காற்றில், ஆள் நிற்பதுபோல நிற்கிறது. அவள் உதடு பிரியும் சத்தம் கேட்கிறது. ஸ்பீக்கர் என்றால் இதற்குத்தானா என்று நினைத்தேன். இருபத்தொன்பது வருஷம் கழித்து.

பிறகு அது வந்தது. பாட்டு ஓரிடத்தில் படியிறங்குவதுபோல் கீழே இறங்குகிறது. வேலவா என்று முடிகிற இடம். கடைசிப் படியில் குரலோடு சேர்ந்து ஒரு கிர்ர். மெல்லிசு. ஈ ஒன்று தாளுக்கடியில் மாட்டிக்கொண்ட மாதிரி.

"கேட்டுச்சா?" என்றான் குமரன்.

தலையாட்டினேன்.

விஷயம் இதுதான். இரண்டு முறை பாடி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டிலும் அதே இடத்தில் அதே கிர்ர். இசையமைப்பாளர் மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார். மாலதி, உங்கள் தொண்டையில் கீறல் இருக்கிறது, கீழே இறங்கினால் குரல் பிளக்கிறது, ஞாயிறு ஆறு மணிக்குள் சுத்தமாக ஒன்று வந்தால் வைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் இங்கே வேறொரு பெண் பாடி வைத்திருக்கிறாள். குமரன் மைக்கை மாற்றினான். வயரை மாற்றினான். மைக்கையும் கணினியையும் இணைக்கும் பெட்டியையும் மாற்றினான். மூன்று மாத ஓவர்டைம் அதில் போயிற்று. கிர்ர் போகவில்லை.

வேடிக்கை என்னவென்றால், சோதித்துப் பார்க்கும்போது வருவதில்லை. குமரன் வேலை முடிந்து வந்து, மாலதியை அந்த வரியை மட்டும் பாடச் சொல்லிப் பதிவு செய்வான். சுத்தமாக இருக்கும். சரியாகிவிட்டது என்று முழுப் பாட்டைப் பாட உட்கார்ந்தால் வந்துவிடும்.

"அப்போ என்ன அர்த்தம்?" என்றாள் மாலதி. அவள் குரல் சாதாரணமாக இருந்தது. "டெஸ்ட்ல வராது, நிஜத்துல வரும். எனக்குத்தான் பயம். தொண்ட இறுகுது. மைக்கு என்ன செய்யும்?"

குமரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"இது கடைசி, அக்கா. இதுவும் போனா பாலர் பள்ளிப் பிள்ளைங்களுக்குப் பாடிக்கிட்டு இருந்துடறேன். கல்யாணத்துக்கும் போக மாட்டேன். இவரு இந்தச் சாமானையெல்லாம் வித்துரட்டும்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது. ஆனால் எனக்கு வேறொன்றும் தெரிந்தது. அது தொண்டை இல்லை. தொண்டைக் கீறல் குரலுக்குள் இருக்கும். குரலோடு வளையும். இது குரலுக்குப் பக்கத்தில் இருந்தது. குரல் வளைந்தாலும் இது வளையவில்லை. இது உலோகம். அதை மட்டும் சொன்னேன். மாலதி என்னை நம்பவில்லை. ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்தாள். எனக்கு ஆறுதல் சொல்ல வராது என்பது அவளுக்குத் தெரியாது.

நாளைக்கு வருகிறேன் என்றேன். அன்றைக்குச் சாப்பாடு எனக்குச் சரியாக இறங்கவில்லை. கவலையால் இல்லை. வேலை கிடைத்துவிட்டது.

சனிக்கிழமை காலை நோட்டோடு போனேன். அவர்கள் பாடும் அறையைப் பார்த்தேன். படுக்கையறையின் மூலை. துணி அலமாரியின் இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்திருக்கிறார்கள். உள்ளே வரிசையாகப் பட்டுச் சேலைகள். எதிர்ச் சுவரில் பஞ்சு மெத்தையை நிறுத்திக் கட்டியிருக்கிறார்கள். நடுவில் மைக். முன்னால் எச்சில் காற்றுப் படாமல் வட்ட வலை. உள்ளே நின்று கை தட்டிப் பார்த்தேன். சத்தம் அப்படியே செத்துவிட்டது. எங்கள் பஞ்சு அறை மாதிரியே இருந்தது. பஞ்சுக்குப் பதில் பட்டுச் சேலை. யார் யோசனை என்றேன். என் கல்யாணச் சேலையெல்லாம் இப்பத்தான் உருப்படியா உதவுது என்றாள் மாலதி.

பதிவு செய்யும்போது மின்விசிறி நிற்க வேண்டும். குளிர்ப்பெட்டியும் நிற்க வேண்டும். அதன் மோட்டார் சத்தம் சுவர் வழியாக வருகிறது. ஒருமுறை அணைத்துவிட்டு மறந்துபோய் ஒரு கிலோ கெம்போங் மீன் கெட்டுவிட்டதாம். அதிலிருந்து குமரன் தன் மோட்டார்சைக்கிள் சாவியைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிட்டுத்தான் அதை அணைப்பான். சாவியில்லாமல் வேலைக்குப் போக முடியாது. திறக்கும்போது ஞாபகம் வந்துவிடும். இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. மிஸ் ஊய்க்கும் பிடித்திருக்கும். பிறகு விமானம். எது எத்தனை மணிக்கு இறங்கும் என்று கைப்பேசியில் பார்த்து, இரண்டு விமானத்துக்கு நடுவில் பாடுகிறார்கள்.

நோட்டில் கோடு போட்டேன். முதலில் எல்லாவற்றையும் பழையபடி வைக்கச் சொன்னேன். பழைய மைக், பழைய வயர், பழைய பெட்டி. குமரனுக்கு மனசில்லை. மூன்றையும் ஒரே நாளில் மாற்றினாயா என்றேன். ஆமாம் என்றான். பிறகு அவனே பழையதை எடுத்து மாட்டினான்.

பழைய மைக்கில் பாடச் சொன்னேன். சுத்தம். புது மைக்கில். சுத்தம். வயர் மாற்றி. சுத்தம். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண். பிறகு இரண்டு சாண். சுத்தம். அந்தக் கடைசிப் படிச் சத்தத்தைக் குமரனிடம் சொல்லிக் கணினியில் உண்டாக்கி, ஒரு ஸ்பீக்கரை அறைக்குள் கொண்டுவந்து அதில் நிறுத்தாமல் ஓட விட்டேன். அறை முழுக்க விரலால் தொட்டுக்கொண்டு வந்தேன். ஜன்னல் கம்பி, அலமாரிக் கைப்பிடி, சாமிப் படத்துக் கண்ணாடி, மைக் நிற்கும் கம்பி. ஒன்றும் அதிரவில்லை.

தாலியையும் கேட்டேன். இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் கேட்கும் அறைக்குள் வளையல், கைக்கடிகாரம் எதுவும் கூடாது. முதல் நாள் நான் தாலியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மிஸ் ஊய் கழற்று என்று சொல்லவில்லை. மாஸ்கிங் டேப் சுருளை நீட்டினார். சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்து ஒட்டிக்கொண்டேன். எல்லாத் தமிழ்ப் பெண்களும் அப்படித்தான் வேலை பார்த்தோம். அதனால் தாலி எங்கே என்று மாலதியைக் கேட்டேன்.

"உள்ளதான் இருக்கு, அக்கா" என்றாள். டி-சர்ட் போட்டிருந்தாள்.

தாலி உள்ளே, சரி என்று நோட்டில் எழுதினேன்.

சனிக்கிழமை முழுக்க ஒரு கிர்ர்கூட வரவில்லை. மாலதி என்னைப் பார்த்த பார்வையில், நான் சொன்னேனே என்பது இருந்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு நிஜப் பதிவு. நான் போனபோது வேறு மாலதி நின்றாள். குளித்து, பச்சைப் பட்டுக் கட்டி, திருநீறு இட்டு, தலையில் பூ வைத்திருந்தாள். சாமி விளக்கு எரிந்தது. முருகன் பாட்டைச் சாதா உடுப்பில் நின்று பாட மாட்டாளாம். ஒவ்வொரு நிஜப் பதிவுக்கும் இப்படித்தானாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நோட்டைத் திறந்தேன். நேற்றுக்கும் இன்றைக்கும் மாறியது என்ன. சேலை. பூ. விளக்கு. திருடன் இந்த வீட்டில்தான் இருக்கிறான்.

நானும் உள்ளே வருகிறேன் என்றேன். குமரன் பதறிவிட்டான்.

"அக்கா, அது ரொம்பக் கூர்மையான மைக்கு. நீங்க மூச்சு விட்டாலும் விழும்."

"இருபத்தொன்பது வருஷம் அந்த மாதிரி அறைலதாம்பா மூச்சு விட்டேன்" என்றேன்.

செருப்பைக் கழற்றினேன். வளையலைக் கழற்றினேன். என் தாலியை டேப் போட்டு ஒட்டிக்கொண்டேன். உள்ளே போய் மாலதிக்குப் பின்னால் நின்றேன். கதவு மூடியது. குமரன் ஹாலில், கணினி முன்னால். மாலதி காதில் ஹெட்போன். இசை அவளுக்கு மட்டும் கேட்கும். எனக்கு அவள் குரல் மட்டும். பாடினாள். கீழே இறங்கினாள். கிர்ர்.

வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம். அவள் தோள் தொங்கிவிட்டது. மணி பதினொன்று ஆகவில்லை. ஆனால் அவளைப் பார்த்தால் ஆறு ஆகிவிட்டது போலிருந்தது.

"போதும் லா, அக்கா. என் குரல்தான்."

"இன்னொரு தடவ பாடு. நான் முன்னால வரேன்."

பட்டுச் சேலைகளுக்கு உள்ளே முதுகைக் கொடுத்து, மைக்குக்குப் பக்கத்தில், அவள் முகத்தைப் பார்த்து நின்றேன். அந்துருண்டை வாசனை. விமானம் ஒன்று போகக் காத்திருந்தோம். போயிற்று. குமரன் பதிவைத் தொடங்கினான்.

மாலதி கண்ணை மூடினாள். அப்போது அவள் செய்ததை நான் பார்த்தேன். வலது கை கழுத்துக்குப் போயிற்று. ரவிக்கைக்குள்ளிருந்து தாலியை வெளியே எடுத்தாள். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். அப்படியே விட்டாள். தாலி பட்டுக்கு மேல், நெஞ்சு நடுவில் வந்து விழுந்தது. அவளுக்கு அது தெரியவே இல்லை. பாடத் தொடங்கிவிட்டாள்.

சேலைகளுக்குள் நின்ற எனக்கு முகம் சுட்டது. தாலி உள்ளே, சரி. கேட்டேன், எழுதினேன். பார்க்கவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஈரப் பசையில் விரலை வைத்து ஒருத்தர் சொன்னதை நான் மறுபடியும் மறந்திருக்கிறேன். மிஸ் ஊய் அங்கே இருந்திருந்தால் கண்ணாடி இறங்கியிருக்கும்.

அந்த வரி வந்தது. ஒரு படி. இன்னொரு படி. கீழே இறங்க இறங்கச் சத்தம் தொண்டையிலிருந்து நெஞ்சுக்கு இறங்குகிறது. கடைசிப் படி. அவள் நெஞ்சு அதிர்வது எனக்குத் தெரிந்தது. கிர்ர்.

கையை நீட்டினேன். ஒரு விரல். தாலிக்கொடியின் நுனியைத் தொட்டேன்.

செத்தது.

மாலதி கண்ணைத் திறந்தாள். நிறுத்தவில்லை. அந்தக் கடைசிப் படியிலேயே நின்றாள், மூச்சு இருக்கிற வரைக்கும். என் விரல் கீழ் அவள் குரல் ஓடியது. சுத்தம். எண்ணெய் ஊற்றின மாதிரி. விரலை எடுத்தேன். கிர்ர். வைத்தேன். சுத்தம். அவள் மூச்சு முடிவதற்குள் மூன்று முறை செய்துவிட்டேன்.

"போச்சு! வந்துச்சு! போச்சு!" என்று ஹாலில் குமரன் கத்தினான். கணினித் திரையில் கோடாகத் தெரிந்திருக்கிறது. மெஷினும் கேட்கத்தான் செய்கிறது. யார் என்று சொல்ல அதற்குத் தெரியாது.

அவன் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தான். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். தாலிக்கொடி. அதில் இரண்டு தாலி. அதோடு மூன்று ஊக்கு மாட்டியிருந்தது. சேலைக்கு அவசரமாகக் குத்த வேண்டுமென்றால் கைக்கு வருமே, அதற்காக எல்லாப் பெண்களும் மாட்டி வைப்போமே, அந்த ஊக்கு.

ஒரு நேரத்தில் ஒன்று. தாலியை மட்டும் விரலால் பிடித்துக்கொண்டு பாடச் சொன்னேன். கிர்ர் வந்தது. தாலியை விட்டு ஊக்கை மட்டும் பிடித்தேன். சுத்தம். தாலி இல்லை. ஊக்கு மூன்றும் ஒன்றையொன்று தட்டியிருக்கின்றன. டி-சர்ட்டுக்குள் துணி அமுக்கிவைத்திருந்தது. வெளியே விழுந்ததும் பாடத் தொடங்கிவிட்டன.

குமரன் ஓர் ஊக்கை விரலால் தட்டிப் பார்த்தான்.

"ஊக்கா?" என்றான் குமரன். "ஊக்குக்கா நான் மூணு மாசம் ஓவர்டைம் செஞ்சு மைக்கு வாங்கினேன்?"

"எனக்கு வேற மூணு ஊக்கு வாங்கிக் குடுத்திருக்கலாம்" என்றாள் மாலதி. சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்கவில்லை. மை கரைந்து கன்னத்தில் இறங்கியது. அவள் துடைக்கவில்லை. "என் தொண்ட இல்ல" என்று இரண்டு தடவை சொன்னாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

ஊக்கு மூன்றையும் கழற்றி என் கையில் கொடுத்தாள். தாலியை மறுபடி கண்ணில் ஒற்றி வெளியே விட்டாள். அது அவள் வழக்கம். அதை ஏன் மாற்ற வேண்டும்.

பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம். முகம் கழுவி வந்தாள். முதல் பதிவில் விமானம் வந்துவிட்டது. இரண்டாவதில் மேல்மாடியில் யாரோ சம்பல் இடித்தார்கள். குமரன் மேலே போய்க் கெஞ்சிவிட்டு வந்தான். மூன்றாவதை மாலதியே பாதியில் நிறுத்திவிட்டாள். நான்காவது. நான் ஹாலில் குமரன் பக்கத்தில் ஹெட்போன் போட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் அந்தப் படியில் இறங்கினாள். இதுவரை பயந்து பயந்து இறங்கியவள். இப்போது குதித்து இறங்கினாள். இறங்கி அங்கேயே நின்று குரலை ஆட்டிக் காட்டினாள். குமரன் வாயில் கை வைத்துக்கொண்டான்.

முடிந்ததும் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் வீட்டு மேசையில் விலை எழுதும் வட்ட ஒட்டி ஒரு தாள் கிடந்தது. மஞ்சள்தான் இருந்தது. ஒன்றை உரித்து மைக்கின் முதுகில் ஒட்டினேன். பச்சை இல்லை, இதை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

நான்கு மணிக்கு முன்னால் அனுப்பிவிட்டார்கள். குமரன் சாவியைத் தேடினான். குளிர்ப்பெட்டியைத் திறந்து எடுத்தான். பெட்டி மறுபடி ஓடத் தொடங்கியது. தேநீர் போட்டான். யாரும் குடிக்கவில்லை. ஐந்தேகாலுக்கு மாலதி கைப்பேசியில் குரல் செய்தி வந்தது. அவளுக்குத் தொடப் பயம். குமரன் தொட்டான். கோலாலம்பூர்க்காரர் பேசினார்.

"மாலதி, இதுதாம்மா. இதையே வச்சுக்கறேன். கீழ எறங்குற எடம் பிரமாதம். எந்த மைக் மாத்துனீங்க?"

மாலதி என் உள்ளங்கையை விரித்து, அதிலிருந்த மூன்று ஊக்கையும் படமெடுத்து அவருக்கு அனுப்பினாள். அவருக்கு என்ன புரிந்ததோ. அந்தப் படம்தான் உங்கள் குழுவுக்கும் வந்தது. அதற்குப் பிறகுதான் எல்லாரும் என்னிடம் மைக் பெயர் கேட்கிறீர்கள். என் பதில் இதுதான். இருக்கிற மைக் போதும். ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றுங்கள். பாடுகிறவரைச் சோதிக்கும்போது பார்க்காதீர்கள், பாடும்போது பாருங்கள். ஆளைக் கேட்டு எழுதாதீர்கள். நான் இரண்டு தடவை எழுதியிருக்கிறேன்.

அன்று புறப்பட எழுந்தபோது குமரன் உட்காரச் சொன்னான். இசையோடு சேர்த்து முழுப் பாட்டையும் அந்த இரண்டு ஸ்பீக்கரில் போட்டான். உறுமி வந்தது. நாதஸ்வரம் வந்தது. மாலதி வந்தாள். முடிந்தது.

"எப்படிக்கா? எங்கயாச்சும் ஏதாச்சும் இருக்கா?" என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கவனிக்கவே இல்லை. பாட்டு ஓடிய நேரம் முழுக்க ஒரு குறையும் தேடவில்லை. சும்மா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"தெரியலப்பா" என்றேன். "இன்னொரு தடவ போடு."